பத்தொன்பது ட்யூப்களும் ஒரு கணுக்கோடும்

எனக்கு நாற்பத்தாறு வயது. அதில் ஆறு வருஷம் ஒரு கோட்டுக்குப் போயிருக்கிறது. யாராவது "என்ன ஆராய்ச்சி பண்ணுதீங்க?" என்று கேட்டால் இப்போதெல்லாம் "சும்மா, கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். விளக்கிச் சொல்கிற தெம்பு போய்விட்டது. ஆனால் இதை எழுத உட்கார்ந்த பிறகு அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஒரு படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரானுக்கு இஷ்டப்பட்ட ஆற்றலெல்லாம் கிடையாது. எந்தத் திசையில், எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதற்குத் தக்கபடிதான் ஆற்றல். அனுமதிக்கப்பட்ட ஆற்றல்களை வரைந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் விரித்த மாதிரி பட்டைகள் வரும். இரண்டு பட்டைகள் நெருங்கினால் பொதுவாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகிவிடும்; நடுவில் ஓர் இடைவெளி விழும். அபூர்வமாகச் சில பொருட்களில் மட்டும் அவை விலகாமல் ஒன்றின் ஊடாக ஒன்று போய்விடும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் எப்படிப் போவார்கள்? எதிரே ஆளே இல்லாத மாதிரி நேராக நடந்து போவார்கள் இல்லையா, அப்படி. பட்டைகளுக்குள் இந்தப் பகையை மூட்டி வைப்பது படிகத்தின் கண்ணாடிச் சமச்சீர். அதாவது, அணுக்களின் அடுக்கில் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பமாக அச்சு அசலாக இருப்பது. அது இருக்கும்வரை இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அவை வெட்டிக்கொள்ளும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு புள்ளியோடு நிற்காமல் கோடாக ஓடும். சில சமயம் அந்தக் கோடு சுற்றி வந்து வளையமாக மூடிக்கொள்ளும். உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்றும்போது தண்ணீர் மட்டமும் தரையும் சந்திக்கிற விளிம்பு சுற்றிலும் ஒரு கோடாகத் தெரியுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. இதற்குக் கணுக்கோடு என்று பெயர்.

எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு வளையம். மூன்று தனிமங்கள் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளில் அது இருப்பதாக என் கணக்கு சொன்னது. பொருளின் பெயரை எழுதப்போவதில்லை. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் இயற்பியல் எடுக்கும் கல்லூரியில் ஆராய்ச்சி என்பது மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு செய்யும் வேலை. வாரத்துக்குப் பதினெட்டு மணிநேரம் வகுப்பு. அப்புறம் ரெக்கார்ட் நோட்டு, விடைத்தாள், தரச்சான்றுக்கான ஃபைல்கள். ஃபைல்கள்தான் இருப்பதிலேயே பெரிய ஆராய்ச்சி. இதற்கிடையில் மூன்றாவது மாடியில் ஓர் ஓரத்து அறையில் என் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் தெரியும். புகை போய்க்கொண்டிருக்கும், எங்களுக்குக் கரெண்ட் இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஜன்னலைக் காட்டிச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

வளையத்தைப் பற்றிய கட்டுரை ஒரு நல்ல பத்திரிகையில் வந்தது. கல்லூரி வாசலில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். படத்துக்கு மேலே 'அணு விஞ்ஞானி' என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு எல்லோரும், "கூடங்குளத்துக்குப் போறியளாமே?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டார்கள். சிரிப்புதான் வந்தது, ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

பெருமை இருந்ததால்தான் என் சிநேகிதியை இதில் இழுத்துவிட்டேன்.

அவளும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே வருஷம் படித்தவர்கள். நான் இயற்பியல், அவள் வேதியியல். அப்புறம் வெவ்வேறு இடம் சுற்றிவிட்டு ஒரே கல்லூரியில் ஆசிரியைகளாக வந்து சேர்ந்தோம். நான் டவுனில் பலசரக்குக் கடைக்காரர் மகள். அவள் ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். என்னிடம் டாக்டர் பட்டம் இருந்தது, அவளிடம் இல்லை. பட்டம் இல்லாதவர்களைக் கல்லூரி வருஷாவருஷம் முறைத்துக்கொண்டே இருந்தது. அவள் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த நேரம். "ஏளா, என் பொருளை நீ வளர்த்துக் குடு," என்றேன். "கணக்கு என்கிட்ட இருக்கு. படிகம் உன்கிட்ட இருந்தா ரெண்டு பேருக்கும் ஆச்சு. ரெண்டு வருஷத்துல தீசிஸ்."

"ரெண்டு வருஷமா? நெசமாவா சொல்லுத?"

"நான் சொல்லுதேன்ல்லா," என்றேன். அப்போது எனக்கு இருந்த வாய் அப்படி.

படிகம் வளர்ப்பது பொறுமைசாலிகளின் வேலை, எனக்கு ஆகாது. தனிமங்களைத் தூளாக்கி, கொஞ்சம் அயோடின் சேர்த்து, ஒரு சாண் நீளக் குவார்ட்ஸ் ட்யூபில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயைத் தீயில் உருக்கி மூட வேண்டும். பிறகு அதை ஃபர்னஸில் படுக்க வைக்க வேண்டும். ட்யூபின் ஒரு முனை அதிகச் சூடு, மறுமுனை கொஞ்சம் குறைவு. அயோடின் சூடான முனையிலிருந்து தூளைத் தூக்கிக்கொண்டு போய் மறுமுனையில் இறக்கும். பதினைந்து நாளில் அங்கே கறுப்பாக, சில்லுச் சில்லாகப் படிகம் முளைக்கும். நடுவில் கரெண்ட் போய் யுபிஎஸும் கைவிட்டால் அத்தனையும் கூழாகிவிடும். அந்தப் பதினைந்து நாளும் அவள் வெளியூர் போக மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடத் தாலி கட்டியதும் சாப்பிடாமல் திரும்பிவிடுவாள்.

முதல் ட்யூப் நன்றாகத்தான் வந்தது. பளபளவென்று பத்துப் பன்னிரண்டு சில்லுகள். வெளியூரில் ஓர் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டு வந்தாள். அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது அதில் தெரியும். தாளில் ஒரு கோடு ஓடும், ஆங்காங்கே பீக் எழும்பும். எந்த இடத்தில் பீக் வர வேண்டும் என்று என் கணக்கிலிருந்து ஒரு மாதிரிப் படம் போட்டு அவளிடம் கொடுத்திருந்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பெரிய பீக்குகள் எல்லாம் பொருந்தின. ஆனால் அவள் தாளில் கூடுதலாக மூன்று குட்டிப் பீக் இருந்தது. என் படத்தில் அந்த இடங்கள் வெறுமையாக இருந்தன.

"இது என்னளா?" என்றாள்.

"அழுக்கு," என்றேன். "வேற ஏதோ கூட்டுப்பொருள் கொஞ்சம் கலந்திருக்கு. மறுபடி போடு."

எவ்வளவு சுளுவாகச் சொன்னேன்! நான் அந்தத் தாளை ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

மறுபடி போட்டாள். அயோடினைக் குறைத்தாள். கூட்டினாள். ட்யூபை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். சூட்டை ஐந்து டிகிரி ஏற்றினாள், இறக்கினாள். புதுத் தூள் வரவழைத்தாள். ஐப்பசி மழையில் ஒன்றும், சித்திரைக் கரெண்ட் வெட்டில் இரண்டும் வீணாயின. மற்ற எல்லாவற்றிலும் படிகம் வந்தது. எல்லாவற்றிலும் அதே மூன்று குட்டிப் பீக்கும் வந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்த மூன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் 'தப்பு' என்று எழுதி, தேதி போட்டுக் கோப்பில் வைப்பாள். சில்லுகளை அமிலத்தில் கரைத்துக் கொட்டிவிடுவாள். கண்முன்னால் கிடந்தால் எரிச்சலாக வருகிறது என்பாள்.

எட்டாவது ட்யூபுக்கோ ஒன்பதாவதுக்கோ பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "ஏளா, இந்தப் பீக்கு ரொம்பச் சின்னதுதான. படத்தைச் சுருக்கி வரைஞ்சா கண்ணுக்கே தெரியாது. அப்படி வரைஞ்சு குடுத்துரவா?" என்றாள். நான் அவளை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினேன். இருப்பதை இல்லை என்று காட்டுவது விஞ்ஞானம் ஆகாது என்றேன். ஒருதடவை வளைந்தால் அப்புறம் நிமிரவே முடியாது என்றேன். என்னவெல்லாமோ சொன்னேன். அவள் ரொம்பக் கூச்சத்தோடு, "தெரியாமக் கேட்டுட்டேன், விடு," என்று எழுந்து போனாள். அந்த அரைமணி நேரத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு வருஷம் தாண்டி, மூன்றாவது வருஷமும் பாதி ஓடியது. பதிவு நீட்டிப்பு ஒன்று வாங்கினாள், இரண்டாவதும் வாங்கினாள். மார்ச் மாதத்துக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து தாள் வந்தது. பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஜூனில் நிறுத்தப்போவதாகக் கல்லூரியில் பேச்சு. அவள் முகம் வற்றிப்போயிருந்தது. "எனக்கு இந்த வேலைக்குக் கூறு கிடையாதோ என்னவோ," என்பாள் அடிக்கடி. நான் "சவத்தை விடு, அடுத்ததுல வரும்," என்பேன். அவள் எதிரில் இல்லாதபோது அவளுக்குக் கவனம் போதாது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

இந்த ஐப்பசியில் என் கம்ப்யூட்டர் செத்துப்போனது. எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு, தகரம், பித்தளை எதுவானாலும் ஒன்றுதான். கடலுப்பு ஏறி அரித்துவிடும். ஏசி ஒரு மாதம் ஓடாமல் இருந்தது, அது போதுமாயிருந்தது. திறந்து பார்த்த மெக்கானிக், "என்ன மேடம், கருவாடு மாதிரி உப்புப் பூத்துக் கிடக்கு!" என்றார். டிஸ்க்கும் போயிற்று. பழைய கணக்குகளின் முடிவுகள் அச்சில் இருந்தன, ஆனால் அவற்றை ஓட்டுவதற்கான ஃபைல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அடி என்பது ஒரு ஜெராக்ஸ் தாள். இந்தப் பொருளில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று எப்போதோ யாரோ அளந்து எழுதிய பழைய கட்டுரையின் நகல், எழுத்து மங்கிப்போனது. அதைப் பார்த்து எண்களை மறுபடி டைப் செய்தேன். கணக்கை ஓடவிட்டேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் வளையம் இல்லை.

பட்டைகள் இரண்டும் வந்தன, நெருங்கின, தொடப்போகிற நேரத்தில் விலகிக்கொண்டன. வளையம் இருக்க வேண்டிய இடம் முழுக்க மெல்லிசாக ஓர் இடைவெளி. புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மென்பொருளை மாற்றிப் போட்டேன். புள்ளிகளை நெருக்கமாக எடுத்தேன். இன்னும் நெருக்கமாக எடுத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. இடைவெளி அசையவில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் பேச்சு நின்றுவிடும், பிள்ளைகள் முழிப்பார்கள்.

கடைசியில் என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய பக்கம். படிகத்தின் ஒரு கட்டத்து நீளத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஓர் அணுவின் இடம் ஜெராக்ஸ் தாளில் 0.2463 என்று இருந்தது. என் நோட்டில் அதை எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 0.25 என்று எழுதியிருந்தேன். 'கால்தான்' என்று ஒரு குறிப்பு வேறு.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. அது விடைத்தாள் திருத்தும் வாரம். அணு சரியாகக் காலில் இருந்தால் படிகத்துக்குக் கண்ணாடிச் சமச்சீர் வந்துவிடும். சமச்சீர் வந்தால் கம்ப்யூட்டர் பாதியைக் கணக்கிட்டு மீதியைப் பிரதி எடுத்துக்கொள்ளும், நேரம் பாதியாகிவிடும். மென்பொருளே, 'கிட்டத்தட்ட சமச்சீர் இருக்கிறது, சரியாக்கிவிடவா?' என்று கேட்கும். பழைய காலத்து அளவை, மங்கலான அச்சு, இந்தச் சின்ன வித்தியாசம் அளந்தவரின் பிழையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆகட்டும் என்று விட்டேன். எண்ணும் பார்க்க அழகாக இருந்தது. ஒருதடவை சமச்சீரை ஏற்றிவிட்டால் அப்புறம் கணக்கில் அந்த அணு தன் இடத்துக்குத் திரும்பவே முடியாது. மென்பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பொய்ச் சமச்சீர் மூட்டிய பகையில்தான் இரண்டு பட்டைகளும் முகம் பார்க்காமல் ஒன்றன் ஊடாக ஒன்று போயிருக்கின்றன. என் வளையம் அதுதான். என் அப்பா கால் கிலோப் பருப்பில் நாலு பருப்புக் குறைந்தால்கூடத் தூக்கம் வராத கடைக்காரர். அவர் மகள் நான், கால் அல்லாததைக் கால் என்று எழுதி உலகத்துக்கெல்லாம் விற்றுவிட்டேன்.

கட்டுரை போவதைப் பற்றிக்கூட அப்போது பெரிதாக வலிக்கவில்லை. திருத்தம் எழுதினால் போடுவார்கள். நாலு பேர் சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். வேறொன்று உறைத்தது. 0.2463 என்று வைத்து, எக்ஸ்ரே படம் எப்படி வரும் என்று புதிதாக ஒரு கணக்குப் போட்டேன். அது ஒரு நிமிஷக் கணக்கு. திரையில் பெரிய பீக்குகள் வந்தன. அவற்றுக்கு நடுவில், நான் மனப்பாடமாக அறிந்த இடங்களில், மூன்று குட்டிப் பீக் வந்தது.

அழுக்கு இல்லை. படிகத்தின் நிஜமான முகமே அதுதான். அவள் வளர்த்தது சுத்தமான படிகம்.

மூன்று நாள் நான் அவளிடம் சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுவது நல்லது. வேதியியல் துறை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். சொல்லாமலே சமாளிக்க முடியுமா என்று யோசித்தேன். குட்டிப் பீக்கை விட்டுவிட்டு வரைந்துகொள், நேரமாகிவிட்டது, பரவாயில்லை என்று நானே பெரிய மனசோடு சொல்லிவிட்டால் தீசிஸ் போய்விடும், அவளுக்கும் பட்டம், என் வளையமும் பிழைத்துக்கொள்ளும். கேட்க எவ்வளவு வசதியாக இருக்கிறது! என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் மூன்று நாள் அதையேதான் யோசித்தேன். நாலாம் நாள் மத்தியானம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேதியியல் ஆய்வகத்துக்குப் போனேன். யோசித்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பத்தொன்பதாவது ட்யூப். அவள் மேஜையில் புளிச்சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சூட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. மூஞ்சியப் பாத்தா இன்கிரிமென்ட்டை நிறுத்திட்ட மாதிரி இருக்கு."

"அந்த மூணு குட்டிப் பீக்கு இருக்குல்லா. அது அழுக்கில்ல."

"பின்ன?"

"படிகமே அப்படித்தான். நான்தான் ஒரு அணுவைத் தப்பான இடத்துல வச்சுட்டேன். புள்ளி ரெண்டு நாலு ஆறு மூணுல இருக்கிறதைக் காலுக்குத் தள்ளிட்டேன். மொதல்லேயே, ஆறு வருஷத்துக்கு முன்னாலயே. உனக்குக் குடுத்த மாதிரிப் படமும் அந்தத் தப்புல போட்டதுதான்."

புதிதாக அச்சடித்த படத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். வேதியியல்காரி, அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப உன் வளையம்?" என்றாள்.

"வளையம் கிடையாது. கண்ணாடிச் சமச்சீர் இல்லாம அது எப்படி நிக்கும்?"

"அய்யோ ஏளா, பேப்பர் அச்சுல வந்துட்டே! உன்னைய என்ன சொல்லுவாங்க?"

முதலில் என்னைப் பற்றித்தான் கேட்டாள். அதற்குப் பதிலாக அந்த டிபன் டப்பாவை என் தலையில் கவிழ்த்திருக்கலாம். நான் அவசர அவசரமாக நல்ல செய்தியைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாத் தாளும் கோப்பில்தானே இருக்கிறது, சில்லு போனால் போகிறது, அளந்தது எல்லாம் அப்படியே செல்லும், இந்தப் படிகத்தின் உண்மையான அமைப்பு இதுதான் என்றும் இதில் கணுக்கோடு கிடையாது என்றும் எழுதிவிடலாம், அதுவே ஒரு முழுத் தீசிஸ், நான் கூட உட்கார்ந்து எழுதுகிறேன், மார்ச்சுக்குள் முடித்துவிடலாம். மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது ட்யூப்ல இருந்து சரியா வந்திருக்கு?" என்றாள்.

நான் டிபன் டப்பாவின் மூடியைத் திருகினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத ட்யூப்ல இருந்தே," என்றேன்.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துவந்து, மொத்தத்தையும் புரட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தாளை உருவினாள். மூன்று சிவப்பு வட்டம். ஓரத்தில் அவள் கையெழுத்தில் 'தப்பு'. அதன் கீழே தேதி. தேதியை விரலால் தொட்டுக்கொண்டு மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது.

"அப்பா அப்ப நடமாடிக்கிட்டு இருந்தாவ," என்றாள்.

அவள் அப்பா போன வருஷம் புரட்டாசியில் இறந்தார். கேதம் கேட்க நான் ஆத்தூருக்குப் போயிருந்தேன். அவளுடைய அண்ணன் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "தங்கச்சி பட்டம் வாங்குறதைப் பாத்துட்டுத்தான் போவேன்னு கெடந்தாவ மேடம். நீங்கதான் கூட இருக்கிய. ஏன் இவ்வளவு நாளாகுது?" என்று கேட்டார். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அவரிடம், "அவளுக்கு இன்னும் கை படியல அண்ணாச்சி. படிஞ்சிட்டா சட்டுன்னு முடிஞ்சிரும்," என்றேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே, எனக்குத்தான் சரியா வர மாட்டேங்கு," என்றாள்.

அதை அவள் இப்போது சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டமாட்டாளா, ரெண்டு வார்த்தை திட்டமாட்டாளா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தத் தாளைத் தன் முன்னால் நேராக வைத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. எதுல இருந்து எழுத ஆரம்பிக்கணும், சொல்லு," என்றாள்.